முதல் தடவை தூரப் பயணமா? டிக்கெட்டைப் படித்துப் பாருங்கள்!

சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் இரவு. தென் மாவட்டத்தில் உள்ள ஒரு ஜங்ஷனில் ரெயிலுக்காகக் காத்திருந்தேன். மணி பத்தரை இருக்கும்.

வயதான ஒரு தம்பதி என் அருகில் வந்து நின்றார்கள். பெரியவர் தோளில் ஒரு துணிப்பை. அம்மாள் கையில் ஒரு ஓலைப்பெட்டி.

"தம்பி, இந்த வண்டி எந்தப் பிளாட்பாரத்துல வரும்?" என்று கேட்டு, டிக்கெட்டை நீட்டினார் பெரியவர்.

வாங்கிப் பார்த்தேன். பகீர் என்றது.

"ஐயா, உங்கள் வண்டி நேற்று ராத்திரியே போய்விட்டதே!" என்றேன்.

அவர் நம்பவில்லை. "தேதி 15-ன்னுதானே போட்டிருக்கு? இன்னைக்கு 15 தானே?" என்றார்.

அவர் சொன்னது சரிதான். டிக்கெட்டில் 15 என்றுதான் இருந்தது. அன்றைக்கும் 15-ந் தேதிதான். ஆனால், புறப்படும் நேரம் 00.20 என்று இருந்தது.

இரவு 12 மணி அடித்தால் தேதி மாறிவிடும். 15-ந் தேதி 00.20 என்றால், 14-ந் தேதி ராத்திரி தூங்கப் போகிற நேரம். அவர்கள் 14-ந் தேதி இரவே ஸ்டேஷனுக்கு வந்திருக்க வேண்டும். வந்ததோ 15-ந் தேதி இரவு. ஒரு நாள் தவறிவிட்டது.

அது மட்டும் அல்ல. சென்னைக்குப் போய், அங்கிருந்து 15-ந் தேதி இரவு டில்லிக்குப் போகிற வண்டியிலும் அவர்களுக்கு இடம் பதிவு ஆகியிருந்தது. நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது அந்த வண்டியும் சென்னையை விட்டுப் புறப்பட்டிருக்கும். இரண்டு டிக்கெட்டுகளும் போயின. வண்டி போன பிறகு அந்தப் பணம் திரும்பாது.

டில்லியில் அவர்களுடைய மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. ஓலைப்பெட்டியில் கருப்பட்டி, சுக்கு, பிள்ளைக்கு உரைத்துக் கொடுக்கும் மருந்து. துணிப்பையில், தொட்டில் கட்டுவதற்குப் பழைய நூல் சேலை. அம்மாள் பெஞ்சில் உட்கார்ந்து அழுதுவிட்டார்.

யார் மீது குற்றம்? பெரியவருக்குப் படிக்கத் தெரியும். தேதியைச் சரியாகத்தான் படித்தார். டிக்கெட் எடுத்துக் கொடுத்தவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். "பெரியவரே, 14-ந் தேதி ராத்திரியே வந்துவிடுங்கள்" என்று. அந்த ஒரு வார்த்தையை யாரும் சொல்லவில்லை.

அதனால்தான் இந்தக் கட்டுரை.

நள்ளிரவுக் கணக்கு

ரெயில்வேயில் ஒரு நாளுக்கு 24 மணி. பகல் ஒரு மணியை 13 என்பார்கள். இரவு எட்டு மணியை 20 என்பார்கள். 12-க்கு மேல் இருந்தால் 12-ஐக் கழித்துக் கொள்ளுங்கள். நம் கடிகார நேரம் வந்துவிடும்.

நேரம் 00 என்று தொடங்கினால் உஷார்! அது நள்ளிரவு வண்டி. டிக்கெட்டில் உள்ள தேதிக்கு முந்திய நாள் இரவே ஸ்டேஷனில் இருக்க வேண்டும்.

01, 02 என்று இருந்தாலும் அப்படித்தான். "எந்தத் தேதி?" என்று கேட்டுக் குழம்ப வேண்டாம். "எந்தக் கிழமை ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் புறப்பட வேண்டும்?" என்று கேளுங்கள். குழப்பம் தீர்ந்துவிடும்.

அழைத்துப்போக வருகிறவருக்கும் இதே கணக்குதான். சென்னையிலிருந்து டில்லி செல்லும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் சுமார் 2,180 கிலோ மீட்டர் ஓடுகிறது. இரவு புறப்பட்டால், நடுவில் ஒரு பகல் முழுவதும் ஓடி, மூன்றாம் நாள் காலையில்தான் டில்லி சேரும். "திங்கட்கிழமை வண்டி ஏறுகிறோம்" என்று மட்டும் சொன்னால் போதாது. "புதன்கிழமை காலை இறங்குகிறோம்" என்றும் சொல்லுங்கள்.

டிக்கெட்டில் என்ன இருக்கிறது?

டிக்கெட் என்பது உங்களுக்கு வந்த கடிதம் மாதிரி. வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துவிடாதீர்கள். வீட்டில் விளக்கடியில் உட்கார்ந்து படியுங்கள். உங்களுக்கு எழுத்துப் புரியாவிட்டால், பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள்.

முதலில் வண்டியின் எண். ஐந்து இலக்கம் இருக்கும். ஒரே ஊருக்குப் பல வண்டிகள் போகும். பெயரை மட்டும் நம்பாதீர்கள். எண்ணைப் பார்த்து ஏறுங்கள்.

அடுத்தது, பி.என்.ஆர். எண். இது பத்து இலக்கம். இந்த எண்ணைச் சொன்னால் உங்கள் இடத்தின் நிலைமையைத் தெரிந்துகொள்ளலாம். இதைத் தனியாக ஒரு தாளில் எழுதி வீட்டிலும் வைத்து விடுங்கள்.

பிறகு, இடம் கிடைத்ததா என்று பாருங்கள். சி.என்.எப். என்றால் இடம் உறுதி. ஆர்.ஏ.சி. என்றால் வண்டியில் ஏறலாம். ஆனால் பக்கவாட்டுப் படுக்கை ஒன்றில் இரண்டு பேர் உட்கார்ந்து போக வேண்டியிருக்கும். டபிள்யூ.எல். என்றால் காத்திருப்போர் பட்டியல். கடைசி வரை இடம் கிடைக்காவிட்டால் அந்த டிக்கெட்டுடன் முன்பதிவுப் பெட்டியில் ஏறக்கூடாது. கம்ப்யூட்டரில், செல்போனில் எடுத்த டிக்கெட்டாக இருந்தால் அது தானாகவே ரத்தாகி, பணம் வந்துவிடும். கவுண்ட்டரில் எடுத்ததாக இருந்தால் நாம்தான் கொடுத்துப் பணம் வாங்க வேண்டும்.

கடைசியாக, பெட்டியும் படுக்கை எண்ணும். எஸ் என்ற எழுத்து இருந்தால் சாதாரணப் படுக்கைப் பெட்டி. பி என்றால் மூன்று அடுக்கு ஏ.சி. ஏ என்றால் இரண்டு அடுக்கு ஏ.சி.

சாதாரணப் படுக்கைப் பெட்டியில் எட்டு எட்டாகக் கணக்கு. 1, 4 கீழ்ப் படுக்கை. 2, 5 நடுப் படுக்கை. 3, 6 மேல் படுக்கை. 7 பக்கவாட்டில் கீழே. 8 பக்கவாட்டில் மேலே. 9-லிருந்து மறுபடியும் இதே வரிசை. உங்கள் எண் 20 என்றால், இரண்டு எட்டு 16 போக மீதி 4. ஆகவே கீழ்ப் படுக்கை! பிள்ளைகளிடம் இந்தக் கணக்கைக் கொடுங்கள். குஷியாகப் போடுவார்கள்.

முழங்கால் வலிக்காரரை மேல் படுக்கைக்கு ஏற்ற முடியுமா? டிக்கெட் எடுக்கும்போதே வயதைச் சரியாகச் சொல்லுங்கள். 60 வயதான ஆண்களுக்கும், 45 வயதைத் தாண்டிய பெண்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், காலியாக இருந்தால் கீழ்ப் படுக்கை கொடுப்பார்கள்.

5 வயது ஆகாத குழந்தைக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால் டிக்கெட் வேண்டாம். 5 முதல் 12 வயதுக்குள் இருந்தால், படுக்கை கேட்டால் முழுக் கட்டணம். வேண்டாம் என்றால் பாதி.

எப்போது எடுப்பது? 1-11-2024 முதல் 60 நாட்களுக்கு முன்பாகத்தான் முன்பதிவு தொடங்குகிறது. தீபாவளி, பொங்கல், கோடை விடுமுறை என்றால் முதல் நாளே எடுத்துவிடுங்கள். அசல் அடையாள அட்டையை மறக்காமல் கொண்டு போங்கள். ஆதார் அட்டையோ, வாக்காளர் அட்டையோ போதும்.

எந்த ஸ்டேஷன்?

ஊர் பெயர் ஒன்று, ஸ்டேஷன் பல. இதில் ஏமாந்தவர்கள் ஏராளம்.

தென் மாவட்டங்களிலிருந்து வரும் வண்டிகள் பெரும்பாலும் சென்னை எழும்பூரில் நிற்கும். சில தாம்பரத்தோடு நின்றுவிடும். டில்லி, பம்பாய் என்று வடக்கே போகும் வண்டிகளில் பல சென்ட்ரலில் புறப்படும். எழும்பூருக்கும் சென்ட்ரலுக்கும் நடுவே சுமார் 2 கிலோ மீட்டர். மெட்ரோ ரெயிலில் போனால் அடுத்த ஸ்டேஷன்தான். மூட்டை முடிச்சு அதிகமானால் ஆட்டோ பிடியுங்கள். ஆனால் ஏறும் முன் கட்டணம் பேசிக்கொள்ளுங்கள்.

முதல் வண்டி தாமதமாக வந்தால், இரண்டாவது வண்டி உங்களுக்காக நிற்காது. ஆகவே இரண்டுக்கும் நடுவே அரை நாளாவது இருக்கட்டும்.

டில்லியிலும் இப்படித்தான். புதுடில்லி ஒரு ஸ்டேஷன். பழைய டில்லி ஒரு ஸ்டேஷன். நிஜாமுதீன் ஒரு ஸ்டேஷன். எதில் இறங்குகிறீர்கள் என்பதை அழைத்துப்போக வருகிறவரிடம் சொல்லிவிடுங்கள்.

ஸ்டேஷனுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேருங்கள். 22 பெட்டிகள் உள்ள வண்டி அரை கிலோ மீட்டர் நீளம் இருக்கும். உங்கள் பெட்டி எந்த இடத்தில் நிற்கும் என்பதைப் பிளாட்பாரத்தில் உள்ள மின்சாரப் பலகை காட்டும். அங்கே போய் நில்லுங்கள். வண்டி வந்த பிறகு மூட்டையோடு ஓடினால், தாத்தா ஒரு பெட்டியில், பாட்டி ஒரு பெட்டியில் என்று ஆகிவிடும்.

ஓடுகிற வண்டியில் ஏறவே ஏறாதீர்கள். போன வண்டிக்கு அடுத்த வண்டி உண்டு. போன காலுக்கு?

சாமானும் சாப்பாடும்

சாதாரணப் படுக்கைப் பெட்டியில் ஒருவர் 40 கிலோ வரை இலவசமாகக் கொண்டு போகலாம். ஆனாலும், உங்களால் தூக்க முடிந்த அளவே சாமான் கட்டுங்கள். சுமை தூக்குகிறவரை வைத்துக்கொண்டால் கூலியை முன்னாலேயே பேசுங்கள். அவருடைய வில்லை எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கீழ்ப் படுக்கைக்கு அடியில் கம்பி வளையம் இருக்கும். பெட்டியை அதில் சங்கிலி போட்டுப் பூட்டுங்கள். பணத்தை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். நகையைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போவதே மேல். சங்கிலி அணிந்த கழுத்தோடு ஜன்னல் ஓரத்தில் தூங்கினால், வண்டி நகரும்போது வெளியிலிருந்து ஒரு கை நீளும்!

முதல் நாளுக்கு இட்லி. மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் தடவி எடுத்துக்கொள்ளுங்கள். மறுநாளுக்குப் புளியோதரை. தயிர் சாதம் வேண்டுமானால் பாலை அதிகமாக ஊற்றி, தயிரைக் கொஞ்சமாக விட்டுப் பிசையுங்கள். சீக்கிரம் புளிக்காது. சட்னியை மட்டும் கட்டாதீர்கள்.

வண்டியில் வாங்கினால் அச்சிட்ட விலையைக் கொடுங்கள். பில் கேளுங்கள். தண்ணீர்ப் பாட்டிலின் மூடி உடையாமல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

முன்பின் தெரியாதவர் பிஸ்கட்டோ, டீயோ கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மயக்க மருந்து கலந்து கொடுத்துப் பணத்தைப் பறிக்கும் திருடர்கள் உண்டு. சிரித்துப் பேசலாம், சாப்பிட மட்டும் வேண்டாம்.

வடக்கே போகிறவர்கள் மார்கழி, தை மாதங்களில் கம்பளி இல்லாமல் புறப்படாதீர்கள். சாதாரணப் படுக்கைப் பெட்டியில் போர்வை தரமாட்டார்கள். மூடுபனி காரணமாக வண்டி பல மணி நேரம் தாமதமாவதும் உண்டு. மருந்து சாப்பிடுகிறவர்கள் இரண்டு நாள் மருந்தை அதிகமாக வைத்துக்கொள்ளுங்கள்.

நெருப்பு வேண்டாம்!

வழியில் காபி போடலாம் என்று அடுப்பு கொண்டு போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும்.

26-8-2023 அன்று அதிகாலை. லக்னோவிலிருந்து யாத்திரை வந்தவர்களின் பெட்டி மதுரையில் நிறுத்தப்பட்டிருந்தது. உள்ளே, விதியை மீறிக் கொண்டுவந்த சமையல் கியாஸ் சிலிண்டர் இருந்தது. தீப்பிடித்தது. 9 பேர் இறந்துபோனார்கள். ராமேசுவரத்தைப் பார்க்கப் புறப்பட்டு வந்தவர்கள்!

கியாஸ், மண்எண்ணெய், பட்டாசு ஆகியவற்றை ரெயிலில் கொண்டு போவது குற்றம். 3 ஆண்டு வரை ஜெயில் உண்டு. உங்கள் பெட்டியில் வேறு யாராவது வைத்திருந்தால், "நமக்கு ஏன் வம்பு?" என்று இருந்துவிடாதீர்கள். பரிசோதகரிடம் சொல்லுங்கள். தீ வந்தால் வைத்திருந்தவரை மட்டும் பார்த்துச் சுடாது.

சட்டம் உங்கள் பக்கம்

படுக்கை நேரம் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை. அதற்கு முன் நடுப் படுக்கையை விரித்து, கீழே இருப்பவர்களைக் குனிந்து உட்கார வைக்கக்கூடாது. அதே போல, 10 மணிக்கு மேல் "இன்னும் கொஞ்ச நேரம் உட்காருகிறேன்" என்று நடுப் படுக்கைக்காரரைத் தடுக்கவும் கூடாது.

பெண்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 1989-ம் ஆண்டின் ரெயில்வே சட்டத்தில் 139-வது பிரிவு இருக்கிறது. ஆண் துணை இல்லாமல் வரும் பெண்ணிடமோ, குழந்தையிடமோ டிக்கெட் இல்லை என்றாலும், இரவு நேரத்தில் இறக்கிவிடக்கூடாது. பகலில்தான் இறக்கலாம். அதுவும் புறப்பட்ட ஸ்டேஷன், ஜங்ஷன், வண்டி கடைசியாகப் போய்ச் சேரும் ஸ்டேஷன், மாவட்டத் தலைநகரம் ஆகிய இடங்களில்தான். டிக்கெட் எடுக்காமல் போகலாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. டிக்கெட்டைத் தொலைத்துவிட்டுத் தவிக்கும் பெண்ணுக்குத் தைரியம் வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

உதவி வேண்டுமா? செல்போனில் 139 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். இதுவும் 139 தான். மறக்காது. உடம்பு சரியில்லை என்றாலும், திருட்டுப் போனாலும், யாராவது தொல்லை கொடுத்தாலும் இந்த எண்ணில் சொல்லலாம்.

குழந்தையின் சட்டைப் பையில், பெற்றோர் பெயரும் செல்போன் எண்ணும் எழுதிய தாளை வையுங்கள். கூட்டத்தில் தவறிவிட்டால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது.

அபாயச் சங்கிலி ஆபத்துக்குத்தான். தகுந்த காரணம் இல்லாமல் இழுத்தால் அபராதமோ, ஓர் ஆண்டு வரை ஜெயிலோ கிடைக்கும். டீ வாங்கப் போனவர் வரவில்லை என்று இழுக்கும் நிலை வரவேண்டாம். நடு வழியில் இறங்காமல் இருந்தால் அந்தத் தொல்லையே இல்லை.

ரெயில்வேக்கு ஒரு வார்த்தை

காந்தியடிகள் 1915-ல் தென்ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பிய பிறகு, மூன்றாம் வகுப்பிலேயே நாடு முழுவதும் சுற்றினார். கண்ட கஷ்டங்களை எழுதினார். அது 1917-ல் சிறு புத்தகமாக வந்தது. ரெயில் நிர்வாகத்தின் குறைகளை அதில் சொன்னார். கண்ட இடத்தில் அசுத்தம் செய்யும் பிரயாணிகளையும் அவர் விடவில்லை.

மூன்றாம் வகுப்பு 1974-ல் போய்விட்டது. ஆனால் அவர் சொன்ன நியாயம் போகவில்லை. இரண்டு பக்கத்துக்கும் கடமை இருக்கிறது.

நம்முடைய கடமை, படிப்பது. தெரியாவிட்டால் கேட்பது. குப்பையைக் குப்பைத் தொட்டியில் போடுவது.

ரெயில்வேயின் கடமை என்ன? டிக்கெட்டில் உள்ள செய்தி, அதை வாங்குகிறவருக்குப் புரிய வேண்டும். செல்போனுக்கு வரும் தகவல் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருகிறது. கிராமத்துத் தாய்க்கு அது எப்படிப் புரியும்? தமிழ்நாட்டில் டிக்கெட் எடுப்பவருக்குத் தமிழிலும் தகவல் வரவேண்டும்.

இன்னும் ஒன்று. நள்ளிரவு வண்டிக்கு டிக்கெட் கொடுக்கும்போது, "14-ந் தேதி இரவு வரவும்" என்று ஒரு வரி அச்சிடுவதற்கு என்ன செலவு ஆகிவிடும்? ஒரு துளி மை. அந்த ஒரு வரி இருந்தால் எத்தனையோ குடும்பங்கள் பிளாட்பாரத்தில் நின்று தவிக்க வேண்டியதில்லை. ரெயில்வே இதைச் செய்ய வேண்டும். அது வரும்வரை, டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் கடைக்காரர்கள் பேனாவால் எழுதிக் கொடுக்கட்டும்.

கேட்க வெட்கம் வேண்டாம்

அன்று இரவு அந்தத் தம்பதி ஊருக்குத் திரும்பிப் போனார்கள். போகும் முன், பெரியவர் என்னுடைய செல்போன் எண்ணை வாங்கிக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து அவரிடமிருந்து போன் வந்தது. "தம்பி, மறுபடியும் டிக்கெட் எடுத்திருக்கோம். நான் படிக்கிறேன். சரியா இருக்கான்னு சொல்லுங்க" என்றார். வண்டி எண், தேதி, நேரம், பெட்டி, படுக்கை என்று ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்திப் படித்தார். முடிவில், "புதன்கிழமை ராத்திரி சாப்பிட்டுட்டுக் கிளம்பணும். அப்படித்தானே?" என்றார்.

"அப்படித்தான் ஐயா" என்றேன்.

பத்து நாள் கழித்து டில்லியிலிருந்து பேசினார். பின்னால் குழந்தை அழும் சத்தம் கேட்டது.

படித்தவர்களே, உங்கள் தெருவில் யாராவது முதல் தடவையாக ரெயிலில் தூரதேசம் போகிறார்களா? நீங்களே போய், அவர்கள் டிக்கெட்டை வாங்கி ஒரு முறை படித்துக் காட்டுங்கள். ஐந்து நிமிடம் ஆகும்.

புறப்படுகிறவர்களே, கேட்க வெட்கப்படாதீர்கள். தெரியாததைக் கேட்பதில் அவமானம் இல்லை. கேட்காமல் வண்டியைத் தவற விட்டால், நஷ்டம் உங்களுக்குத்தான்.

போய் வாருங்கள். பிரயாணம் சுகமாக அமையட்டும்!